வார்டுக்குப் புதிதாக வந்த தாதிமை உதவியாளரும் நீங்களும்

(துடிப்புடன் மூப்படையும் நிலையம் ஒன்றில் மூத்தோருக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் இங்கே பலர் வந்து பேசியிருப்பார்கள். இன்று நான் பேச வந்தது ஒரு நோயைப் பற்றி அல்ல, ஓர் ஆளைப் பற்றி. நீங்கள் மருத்துவமனையில் படுத்திருக்கும்போது உங்கள் படுக்கைக்குப் பக்கத்தில் அதிக நேரம் நிற்பவர் யார் என்று எப்போதாவது கவனித்தீர்களா? மருத்துவர் காலையில் சுற்றுக்கு வந்து சில நிமிடங்கள் பேசிவிட்டுப் போவார். தாதி மருந்தும் ஊசியும் தர வருவார். உங்களைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, கழிவறைக்கு அழைத்துப் போவது, சாப்பாட்டு மேசையை இழுத்து வைப்பது, படுத்தே கிடப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது, இவற்றையெல்லாம் செய்பவர் பெரும்பாலும் தாதிமை உதவியாளர். அவர் வேலைக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆனவராக இருக்கலாம்.

நான் ஒரு மொழிபெயர்ப்பாளர். புதிய உதவியாளர்களுக்காகத் தமிழ்ச் சொற்கள் அடங்கிய ஒரு சிறு கையேட்டைத் தயாரிக்கும் வேலை எனக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அகராதியைப் பார்த்து எழுதக்கூடிய வேலை அல்ல அது. எனவே ஒரு வார்டில், ஒரு முழு நீளப் பணி நேரம், காலை 7 மணியிலிருந்து இரவு 7.30 வரை, ஒரு புதிய உதவியாளரின் பின்னாலேயே நடக்க அனுமதி கேட்டுப் பெற்றேன். அவர் மியன்மாரிலிருந்து வந்தவர், வயது 24. அவருக்கு அது மூன்றாவது வாரம். இன்று நான் சொல்லப்போவதில் பாதி அன்று பார்த்தது. மீதி, பல ஆண்டுகளாக உங்களைப் போன்ற மூத்தோருக்கும் மருத்துவமனைக்கும் நடுவே நின்று சொற்களை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருப்பதால் தெரிந்துகொண்டது.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம் ஆட்கள் வெள்ளை உடையோ நீல உடையோ போட்ட எல்லோரையும் "மிஸ்ஸி" என்றே கூப்பிடுவோம். பழைய வழக்கம், தவறில்லை. சிங்கப்பூரில் தாதியர் சேவைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பிரெஞ்சு கன்னியாஸ்திரீகள் சிப்பாய் லைன்ஸ் பகுதியில் இருந்த பொது மருத்துவமனையில் தாதிப் பணியை ஏற்றார்கள். அதன் நினைவாகத்தான் இன்றும் ஆகஸ்ட் 1 தாதியர் தினம். ஆனால் இன்றைய வார்டில் எல்லா மிஸ்ஸியும் ஒரே வேலை செய்பவர் அல்ல. தாதியர் சிங்கப்பூர்த் தாதியர் மன்றத்தில் பெயர் பதிந்தவர்கள். மருந்து தருவதும் ஊசி போடுவதும் அவர்கள் பொறுப்பு. தாதிமை உதவியாளர் அவர்களுக்குக் கீழே, அவர்கள் சொல்படி வேலை செய்பவர். அவர் பொதுவாக உங்களுக்கு மாத்திரை தர மாட்டார். ஸ்கேன் முடிவு என்ன என்று சொல்ல மாட்டார். எப்போது வீட்டுக்கு அனுப்புவார்கள் என்றும் சொல்ல மாட்டார். நீங்கள் கேட்டால், "ஸ்டாஃப் நர்ஸைக் கூப்பிடுகிறேன்" என்பார். அதைத் தட்டிக்கழிப்பதாக நினைத்துக் கோபப்பட வேண்டாம். தனக்கு அனுமதி இல்லாததைச் செய்யாமல் இருப்பதுதான் அவர் படித்த முதல் பாடம். யார் யார் என்று உடை நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு மருத்துவமனையிலும் நிறம் வேறு. சட்டையில் தொங்கும் அட்டையைப் பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

7 மணிப் பணிக்கு அவர் 6.40க்கே வந்துவிட்டார். வாடகை வீட்டில் ஓர் அறையை இன்னும் இருவரோடு பகிர்ந்துகொண்டு இருக்கிறார். முதல் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்குள் எழ வேண்டும். இரவுப் பணியாளர்கள் பகல் பணியாளர்களிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைப்பார்கள். எந்தப் படுக்கையில் யார், யார் விழக்கூடியவர், யாருக்கு வாய் வழியாக ஒன்றும் தரக்கூடாது, யார் இரவு முழுக்கத் தூங்கவில்லை என்பதெல்லாம் அப்போது சொல்லப்படும். ஆங்கிலத்தில், வேகமாக, பாதிச் சொற்களைச் சுருக்கி. புதியவர் ஒரு சின்னத் தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். அந்தத் தாள் நாள் முழுவதும் அவர் பையில் இருந்தது. மாலைக்குள் அது கசங்கி, மடிப்பு கிழிந்து, எல்லாப் பக்கமும் எழுத்தாகிவிட்டது.

ஒப்படைப்பு முடிந்ததும் ஓட்டம். இரத்த அழுத்தம், நாடி, உடல் வெப்பம், மூச்சின் வேகம், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவு, அதன்பின் "வலி எவ்வளவு?" என்ற கேள்வி. சர்க்கரை இருப்பவர்களுக்கு, காலை உணவு வரும் முன் விரலில் குத்தி அளவு பார்ப்பது. பிறகு குளியல். எழுந்து நடக்க முடியாதவர்களைப் படுக்கையிலேயே துடைத்து, விரிப்பை மாற்றி, நாற்காலியில் உட்கார வைப்பது. ஒருவருக்கு முடிப்பதற்குள் இன்னொருவர் மணி அடிப்பார். அந்த மணி ஓய்வதற்குள் உணவு வண்டி வந்துவிடும். தானாகச் சாப்பிட முடியாதவருக்கு ஊட்ட வேண்டும். அவசரப்படுத்தாமல் ஊட்ட வேண்டும், ஏனென்றால் அவசரத்தில் ஊட்டினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஆக வார்டிலேயே மெதுவாக நடக்கும் வேலை, நேரம் மிகக் குறைவாக இருக்கும்போதுதான் வருகிறது.

படுத்தே இருப்பவர்களை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பார்கள். இடுப்பின் கீழ் எலும்பும் குதிகாலும் அழுந்திக்கொண்டே இருந்தால் தோல் சிவந்து, புண்ணாகி, ஆழமாகப் போய்விடும். ஆற மாதக் கணக்கில் ஆகலாம். "ராத்திரியில கூட டார்ச் அடிச்சு எழுப்புறாங்க, நிம்மதியா தூங்க விட மாட்டேங்குறாங்க" என்று நம் ஆட்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த டார்ச் வெளிச்சத்தில் அவர் பார்ப்பது உங்கள் தோலை. அடுத்த முறை எழுப்பினால், முதுகில் எங்கே எரிகிறது, எங்கே மரத்துப்போயிருக்கிறது என்று சொல்லுங்கள். அவருக்கு அது பெரிய உதவி.

பன்னிரண்டு மணி நேரப் பணியில் எட்டாவது மணி நேரம் வரை முகத்தில் ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு தெரியும். மதியம் மூன்று மணிவாக்கில் அவர் சுவரில் சாய்ந்து, ஒரு காலணியை மட்டும் கழற்றி, விரல்களை மடக்கி மடக்கி நீட்டினார். கால் வீங்கியிருந்தது. "முதல் வாரம் வீட்டுக்குப் போய் அழுதேன், இப்போது தூங்கிவிடுகிறேன்" என்று சிரித்தார். இரவுப் பணி இதைவிடக் கடினம். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து மணிக்குள் உடம்பே தூங்கச் சொல்லும் நேரம். பழகியவர்களுக்கும் கண் செருகும்.

இதையெல்லாம் நான் சொல்வது, "ஐயோ பாவம்" என்று நீங்கள் இரக்கப்படுவதற்காக இல்லை. உண்மையில் அந்த இரக்கம்தான் எனக்குக் கவலை தருகிறது. ஏன் என்று சொல்கிறேன். இன்றைய பேச்சில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு, குறிப்பாக அம்மாக்களுக்கு, ஒரு குணம். மணியை அழுத்த மாட்டார்கள். "அந்தப் பொண்ணு காலையிலேருந்து ஓடிக்கிட்டே இருக்கு, நம்ம வேற எதுக்குத் தொந்தரவு குடுக்கணும், கழிவறை இதோ பத்தடிதானே" என்று தானாக எழுந்து போவார்கள். மருத்துவமனைகளில் முதியவர்கள் விழுவதில் நிறைய, இப்படிக் கழிவறைக்குப் போகும்போதும் வரும்போதும் நடப்பவை. வீட்டில் அந்தப் பத்தடி உங்களுக்குப் பழக்கம். இங்கே கட்டிலின் உயரம் வேறு, தரை வேறு, கையில் சொட்டு மருந்துக் குழாய், கால் உறை வழுக்கும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் படுத்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்தால், இரத்தம் காலுக்கு இறங்கி, தலை சுற்றி, கை பிடிக்க எதுவும் கிடைக்காமல் விழுவார். இந்த வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை, பிறகு சமூக மருத்துவமனை, பல வாரம் உடற்பயிற்சி சிகிச்சை. முன்பு நடந்த மாதிரியே மறுபடி நடக்க எல்லோராலும் முடிவதில்லை. இருமலுக்குச் சேர்ந்தவர் சக்கர நாற்காலியில் வீடு திரும்புவது இப்படித்தான்.

அந்தப் பெண்ணுக்குத் தொந்தரவு தரக்கூடாது என்று நினைத்தீர்கள் அல்லவா? நீங்கள் விழுந்தால் அவருக்கு என்ன ஆகும் தெரியுமா? உங்களைத் தூக்க நாலு பேர் வர வேண்டும், மருத்துவர் வர வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும், என்ன நடந்தது என்று அறிக்கை எழுத வேண்டும். புதியவர் என்றால் அன்றிரவு அவர் தூங்க மாட்டார். மணி அடித்துக் கழிவறைக்கு அழைத்துப் போவது சில நிமிட வேலை. எது அவருக்குச் சுமை என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

அதனால் அம்மா, மணியை அழுத்துங்கள். அடக்க முடியாத நிலை வருவதற்கு முன்பே அழுத்துங்கள், ஏனென்றால் அவர் இன்னொருவரைப் பாதி குளிப்பாட்டிக்கொண்டிருக்கலாம். அவர் வந்ததும் முதலில் எழுந்து உட்காருங்கள். கால்களைத் தொங்கவிட்டபடி ஓரிரு நிமிடம் பொறுங்கள். தலை சுற்றவில்லை என்றால் அவர் கையைப் பிடித்து எழுந்திருங்கள். கழிவறைக்குள் அவர் வெளியே போகாமல் திரைக்குப் பக்கத்திலேயே நின்றால் கூச்சப்பட்டு விரட்டாதீர்கள். விழக்கூடியவர் என்று குறிக்கப்பட்டவரைத் தனியே விட வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியிருப்பார்கள். படுக்கைக்குத் திரும்பியதும், மணி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புதியவர்கள் அவசரத்தில் மறந்து, அதைச் சுவரோரம் விட்டுவிட்டுப் போவதுண்டு. "மிஸ்ஸி, மணி" என்று நினைவூட்டுங்கள். அதில் தவறே இல்லை.

காலை ஏழு, இரவு ஏழு என்று பணி மாறும் நேரம் ஒன்று இருக்கிறது. எல்லோரும் ஒப்படைப்பில் நிற்கும் அந்த அரை மணி நேரத்தில் ஆள் வரச் சற்றுத் தாமதமாகலாம். முடிந்தால் அதற்கு முன்பே ஒரு முறை கழிவறைக்குப் போய் வந்துவிடுங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ என்றால் எந்த நேரமும் பார்க்க வேண்டாம், உடனே அழுத்துங்கள்.

அடுத்தது பெயர். ஒரு நாளைக்குப் பத்து முறை "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்பார்கள். கையில் பெயர்ப் பட்டையே கட்டியிருக்கிறது, பின் எதற்குக் கேட்கிறார்கள் என்று எரிச்சல் வரும். ஒரு தாத்தா அன்று, "காலையிலதான சொன்னேன், அதுக்குள்ள மறந்துட்டியா?" என்று கேட்டார். அவர் மறக்கவில்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் சரிபார்க்க வேண்டும் என்பது விதி. நம் பெயர்களை யோசித்துப் பாருங்கள். ஒரே வார்டில் இரண்டு லட்சுமி இருப்பது புதிதா என்ன? அப்பா பெயர் முன்னால் வருமா பின்னால் வருமா என்று நமக்கே குழப்பம், மியன்மாரிலிருந்து வந்தவருக்கு எப்படித் தெரியும்? "நீங்கள் திருமதி லட்சுமியா?" என்று கேட்டால் காது சரியாகக் கேட்காதவர் வெறுமனே தலையை ஆட்டிவிடுவார். அதனால்தான் உங்கள் வாயால் சொல்லச் சொல்கிறார்கள். முழுப் பெயரையும் சொல்லுங்கள்.

தலையாட்டுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. நாம் ஆமாம் என்பதற்குத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவோம் அல்லவா? அது பல நாட்டவருக்கு "வேண்டாம்" என்று தெரியும். அன்று ஒரு பாட்டி மைலோ வேண்டும் என்று இரண்டு முறை தலையாட்டினார். இரண்டு முறையும் வண்டி அவரைக் கடந்து போய்விட்டது. மூன்றாம் முறை நான் சொன்னேன். மைலோ என்றால் பரவாயில்லை. "மூச்சு விடச் சிரமமாக இருக்கிறதா?" என்ற கேள்விக்கு அப்படி ஆட்டினால் என்ன ஆவது? வாயால் "யெஸ்" என்றோ "நோ" என்றோ சொல்லிவிடுங்கள்.

இங்கே என் தொழில் விஷயம் கொஞ்சம் பேச அனுமதியுங்கள், எனக்குப் பிடித்த பகுதி இது. கையேட்டுக்குச் சொற்கள் சேகரித்தபோது என்னை மிகவும் அலைக்கழித்தது "மயக்கம்" என்ற சொல். "மயக்கமா வருது" என்று நீங்கள் சொன்னால் அது தலைசுற்றலாக இருக்கலாம். கண் இருட்டிக்கொண்டு வருவதாக இருக்கலாம். நினைவே தப்பியதாக இருக்கலாம். ஏன், வாந்தி வருவது போன்ற குமட்டலைக்கூட மயக்கம் என்பவர்கள் உண்டு. தமிழ் தெரிந்த தாதியே மறுபடி கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழை ஐம்பது சொல் அளவுக்குக் கற்ற புதியவர் பாவம் எதை எழுதுவார்? அறை சுற்றுகிறதென்றால் "தலை சுத்துது" என்று சொல்லுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு வியர்த்து, கை நடுங்கி, படபடப்பாக வந்தால் அதை மயக்கம் என்று சுருக்காதீர்கள். "வேர்க்குது, கை நடுங்குது" என்று தனித்தனியாகச் சொல்லுங்கள், கையைக் காட்டுங்கள். சர்க்கரை அளவு இறங்கியிருக்கலாம் என்று உடனே விரலில் குத்திப் பார்ப்பார்கள்.

"நெஞ்சு கரிக்குது" என்பது வேறு, "நெஞ்சு வலிக்குது" என்பது வேறு. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தாலோ, வலி தோளுக்கும் தாடைக்கும் போனாலோ அதைக் கையால் தடவிக் காட்டுங்கள். "வெளியே போகணும்" என்று நீங்கள் நாசூக்காகச் சொல்வது மலம் கழிக்க. அவர் காதில் விழுவது, நீங்கள் வார்டை விட்டுப் போக ஆசைப்படுகிறீர்கள் என்று. "ஒண்ணுக்கு", "ரெண்டுக்கு" என்றால் எண்ணிக்கை கேட்கிறீர்கள் என்று நினைப்பார். "டாய்லட்" என்று சொல்லிவிடுங்கள். உங்களில் பலருக்குச் சந்தை மலாய் தண்ணீர் பட்ட பாடு. அதையும் பயன்படுத்தலாம். மலேசியாவிலிருந்து வந்த உதவியாளர்கள் நிறைய இருக்கிறார்கள். "சாக்கிட்", "பெனிங்" என்ற சொற்களை மற்ற நாட்டவரும் வார்டில் சில மாதங்களிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான நம் சொல் ஒன்று இருக்கிறது: "பரவாயில்லை". வலி எவ்வளவு என்று பூஜ்யத்திலிருந்து பத்துவரை எண் கேட்பார்கள். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாத வலி. நம் பெரியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு "பரவாயில்லமா" என்பார்கள். அவர் வலி இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று யோசிப்பார். மரியாதைக்காகச் சொன்ன ஒரு சொல், இரவு முழுக்க உங்களை முனக வைக்கும். எண்ணைச் சொல்லுங்கள். விரல் காட்டினாலும் போதும்.

சாப்பாடு, தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள். வார்டில் புதிய உதவியாளர் அதிகம் திட்டு வாங்குவது பார்வையாளர் நேரத்தில். பக்கவாதம் வந்த சிலருக்கு விழுங்கும் தசை பலவீனமாகிவிடும். வெறும் தண்ணீர் குடித்தால் அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா காய்ச்சலில் கொண்டுபோய் விடலாம். அதனால் ஒரு தூள் கலந்து, கெட்டியாக்கித்தான் கொடுப்பார்கள். மகன் வருவார், "அப்பாவுக்கு நாக்கு வறண்டு கிடக்கு, ஒரு மடக்குத் தண்ணி குடுக்க இவ யாரு வேணாம்னு சொல்ல?" என்று சத்தம் போடுவார். தடுப்பவருக்கு 24 வயது. மொழி தெரியாது. சுற்றிலும் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனாலும் அவர் தடுத்துத்தான் ஆக வேண்டும். படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் தாதியைக் கேளுங்கள்.

இதயமும் சிறுநீரகமும் பலவீனமாக இருப்பவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் நீர் என்று அளவு வைப்பார்கள். நீங்கள் குடிக்கும் ஒவ்வொரு கோப்பையையும், கழிக்கும் ஒவ்வொரு முறையையும் உதவியாளர் குறித்து வைப்பார். மருமகள் கொண்டுவந்த ரசமும், மகன் கீழேயிருந்து வாங்கி வந்த கோப்பியும் அந்தக் கணக்கில் வராது. கால் வீக்கம் ஏன் வடியவில்லை என்று மருத்துவர் தலையைச் சொறிந்துகொண்டு நீர் பிரியும் மருந்தைக் கூட்டுவார். குடித்துவிட்டீர்கள் என்றால் ஒளிக்க வேண்டாம், "கோப்பி குடிச்சேன், ஒரு கப்" என்று சொல்லிவிடுங்கள். திட்ட மாட்டார், எழுதிக்கொள்வார்.

கூச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அம்மாக்களுக்கு ஆண் உதவியாளர் வந்து உடம்பு துடைப்பது பிடிக்காது. சில ஐயாக்களுக்கு, பேத்தி வயதுப் பெண் வந்து செய்வது கூச்சம். அது நியாயமான உணர்வு. "பெண் உதவியாளர் கிடைப்பாரா?" என்று பணிவாகக் கேளுங்கள். முடிந்தவரை ஏற்பாடு செய்வார்கள். ஆள் இல்லாத நேரத்தில் சற்றுக் காத்திருக்க வேண்டிவரும். திரையை முழுதாக இழுத்துவிடச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தானாகக் கழுவிக்கொள்ளக்கூடிய இடங்களை நீங்களே கழுவிக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். அவர்களுக்கும் அது விருப்பம்தான், உங்களைச் சீக்கிரம் நடமாட வைக்கும் பயிற்சி அது. கழுத்துத் தாலியைப் பற்றிப் புதியவருக்குத் தெரியாமல் இருக்கலாம். சங்கிலி என்று நினைத்துக் கழற்றப் போனால் பதறாதீர்கள். "இது கல்யாணத் தாலி" என்று சொல்லி, கழற்றியே ஆக வேண்டுமா என்று தாதியிடம் கேளுங்கள். கழற்ற வேண்டிவந்தால் மகளையோ மகனையோ கூப்பிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். கையால் சாப்பிடுவது பழக்கம் என்றால் கை கழுவத் தண்ணீர் கேளுங்கள். கரண்டியோடு போராட வேண்டியதில்லை. இதெல்லாம் எந்தப் பயிற்சி வகுப்பிலும் முழுதாகச் சொல்லித் தர முடியாது. அவருக்கு ஆசிரியர் நீங்கள்தான்.

குரலை உயர்த்துவது பற்றி ஒரு வார்த்தை. வலியில் யாரும் கத்தலாம், அதை அவர்கள் புரிந்துகொள்வார்கள். ஆனால் கறுப்பு, வெளிநாட்டுக்காரி, வேலைக்காரி என்ற சொற்கள் வாயில் வரக்கூடாது. சுகாதாரப் பணியாளர்களை இழிவாகப் பேசுவதும் மிரட்டுவதும் சட்டப்படியே குற்றமாகலாம். 2014ஆம் ஆண்டில் நிறைவேறிய, தொல்லைகளுக்கு எதிரான சட்டம் அவர்களுக்கும் பாதுகாப்புத் தருகிறது. சட்டத்தை விடுங்கள். நம் தாத்தா பாட்டிகளும் ஊரையும் வீட்டையும் விட்டுக் கப்பலேறி இங்கே வந்து, மொழி தெரியாத முதலாளியிடம் திட்டு வாங்கியவர்கள்தானே. அதேபோல் அவர் உங்களிடம் கடுமையாக நடந்துகொண்டாலும் பொறுத்துப் போக வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. முரட்டுத்தனமாகத் தூக்கினாலோ, கூப்பிட்டும் வெகுநேரம் வராமல் போனாலோ, வார்டுப் பொறுப்பாளரைக் கேட்டு வரச் சொல்லிச் சொல்லுங்கள். என்ன நேரம், என்ன நடந்தது என்று மட்டும் சொன்னால் போதும். புதியவருக்கு எங்கே இன்னும் பயிற்சி வேண்டும் என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்று போன கூட்டத்தில் ஓர் அம்மா கேட்டார். மிஸ்ஸி என்றே கூப்பிடுங்கள், பாப்பா என்றாலும் தங்கச்சி என்றாலும் முகம் மலரும். பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அந்த நீண்ட நாளில் நான் கவனித்தேன். "ஹலோ, ஹலோ" என்று விரல் சொடுக்கியவர்களிடமும் அவர் போனார், பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களிடமும் போனார். வேலையில் வித்தியாசம் இல்லை. ஆனால் இரண்டாமவரிடம் போனபோது, தான் கற்ற "வலிக்குதா?" என்ற சொல்லைத் தைரியமாகத் தமிழில் கேட்டுப் பார்த்தார். பதில் வந்தது, அவருக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போகும் நாளில் என்ன கொடுப்பது என்ற கேள்வியும் வந்தது. ஆங்பாவ், பணம், நகை எதுவும் வேண்டாம். பொதுவாக அவர்கள் வாங்கக் கூடாது, நீங்கள் திணித்தால் புதியவருக்குத்தான் சங்கடம். வார்டில் கருத்துப் படிவம் இருக்கும். அதில் அவர் பெயரையும், அவர் என்ன செய்தார் என்பதையும் இரண்டு வரி எழுதுங்கள். ஆங்கிலம் வராது என்று விட்டுவிடாதீர்கள், தமிழிலேயே எழுதுங்கள். மொழிபெயர்க்க ஆள் இருக்கிறோம்.